கழிக்காமல் விட்ட ஒரு மணித்தியாலம்

சின்னவர்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். அக்காவின் கலியாணப் பேச்சு நடந்த கிழமையில் நீங்கள் இருவரும் வீட்டில் இல்லை. ஒருவர் டனீடினில் பரீட்சையில், மற்றவர் சிட்னியில் வேலையில். போனில் அம்மா உங்களுக்குச் சொன்னது பாதிதான். மிச்சப் பாதியில் என்னுடைய பிழை இருக்கிறது, அதனால்தான் அவர் சொல்லவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த அளவுக்குத்தான் எனக்கும் எழுத வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தில் அம்மாவிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பக்குரங்காவுக்கு, எங்கள் வீட்டுக்கு, நாள் வைக்க வருவதாக இருந்தது. வீட்டார் என்றால் தாயும் மகனும்தான். தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார். அக்காவும் அவரும் ஆறு மாதம் கதைத்துப் பழகி, இருவரும் சரியென்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் குறிப்பில் எட்டாம் வீட்டில் செவ்வாய். அக்காவின் குறிப்பிலும் எட்டில் செவ்வாய். உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு விளையாட்டில்லை. எட்டில் செவ்வாய் உள்ளவரைக் கட்டினால், கட்டினவரின் உயிருக்கு ஆகாது என்பார்கள். இருவருக்கும் இருந்தால் ஒன்றை மற்றது வெட்டிவிடும், பயமில்லை. இந்த நியூசிலாந்தில் அப்படி ஒரு பொருத்தம் தேடுவது லேசான வேலை இல்லை. அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கிடைத்துவிட்டது என்று நானும் அம்மாவும் மூச்சு விட்டிருந்தோம்.

புதன்கிழமை, மங்கரேயில், வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில்தான் அந்த மூச்சு நின்றது.

என்னோடு சரக்குக் கொட்டகையில் ஒன்பது வருடமாக வேலை செய்யும் கொரியாக்காரரை உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுவந்து தருவாரே, அவர்தான். வேலைக்கு வந்த முதல் நாளே என் வயதைக் கேட்டார். நான் ஒரு வயது மூப்பு என்று தெரிந்ததும் அவர்கள் பாஷையில் ஹியோங், அண்ணன், என்று கூப்பிடத் தொடங்கினார். அவருக்கும் கலியாணத்துக்கு ஒரு மகன், முப்பத்துமூன்று வயது, நகரத்தில் வங்கியில் வேலை. பெண் பார்ப்பது அவர் மனைவியும் தேவாலயத்துப் பெண்களும். பெண்களின் படம், படிப்பு, உயரம், வேலை, எந்தத் தேவாலயம், எல்லாம் அவர் மனைவியின் போனில் இருக்கும். அவர் எனக்குக் காட்டுவார், எனக்கு வந்ததை நான் அவருக்குக் காட்டுவேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அந்த விஷயத்தில் மட்டும் ஒரு சொல்லும் விளங்காமல் போனதில்லை.

அன்றைக்கு அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

"ஹியோங், மகனுக்குப் பொருத்தம் சரி வந்திட்டுது. ஆனா பாஸ்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"உங்கட பாஸ்டரை நான் எங்க காணப்போறன்? என்ன செய்தனீங்கள்?"

"என்ர மனுசி களவா சியோலில ஒரு சாத்திரக்காரருக்கு ரெண்டு பேரின்ர பிறந்த நேரத்தையும் அனுப்பிப்போட்டா. எங்கட சாத்திரத்துக்கு நாலு வேணும். வருஷம், மாதம், நாள், மணித்தியாலம். முதல்ல பொருந்தேல்லை. மனுசி ரெண்டு நாள் சமைக்கேல்லை. நான் நூடில்ஸ் திண்டன்."

"பிறகு?"

"பிறகு அந்த ஆளே திரும்ப எடுத்துக் கேட்டார். பெட்டை நியூசிலாந்தில பிறந்ததோ, கோடையிலயோ எண்டு. ஓம் எண்டா மனுசி. அப்ப ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க வேணும், அங்க கோடையில மணிக்கூடு பொய் சொல்லும் எண்டிருக்கிறார். கழிச்சுப் பாத்தா எல்லாம் பொருத்தம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, வேறு ஒன்றும் நினைக்காமல், கேட்டார்.

"உங்கட மூத்த மகளும் கோடைதானே? ஜனவரியில கேக் கொண்டுவாறனீங்கள். நீங்கள் கழிச்சனீங்களோ?"

நான் மிச்சச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

அக்கா பிறந்த அன்று ஆஸ்பத்திரிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதியவன் நான். அதை அப்படியே யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குக் கடிதத்தில் அனுப்பியவனும் நான். வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒக்டோபரில், கோடைக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினபோது, எல்லோரும் தள்ளுகிறார்கள் என்று நானும் தள்ளினேன். சூரியன் தள்ளவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. சாத்திரியாருக்கு அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதே தெரிந்திருக்காது.

பின்னேரம் வரைக்கும் நான் ஏற்ற வேண்டிய பெட்டிகளைப் பிழையான இடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொரியாக்காரர் ஒன்றும் கேட்காமல் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து அவற்றை மாற்றி வைத்தார்.

அப்போது என் மனதில் வந்தது ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாலு வருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்துபோன ஒரு பெடியன்.

அவனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்காவோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன், தாய் தகப்பன் கோயம்புத்தூர்ப் பக்கம். அவர்கள் முறையாகப் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் குறிப்பைக் கேட்டேன். அவனுக்குச் செவ்வாய் தோஷம் இல்லை. எட்டில் செவ்வாயை வைத்துக்கொண்டு ஒரு தோஷமும் இல்லாத பெடியனுக்கு என் மகளைக் கொடுத்து, நாளைக்கு அவனுக்கு ஒன்று நடந்தால், அந்தத் தாயின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனுடைய தகப்பன் எழுந்து நின்று, "பரவாயில்லைங்க, உங்க மனசுக்கு ஒத்து வரலைன்னா விட்டுடலாம்" என்று என் கையைப் பிடித்தார். அக்கா படியில் நின்றாள். "ஓகே அப்பா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் நகரத்தில் ஃபிளாட் எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு இப்போது கலியாணமாகி, பிள்ளையும் இருக்கிறது.

ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒன்றும் மாறாமலும் இருக்கலாம் என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது பக்குரங்காப் பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, உள்ளே இருந்தபடியே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். பழைய சாத்திரியார் காலமாகிவிட்டார். மகன்தான் இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கிறார். அங்கே காலை.

"அண்ணை, உங்கட ஊரில கோடைக்கு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுறவையோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம்."

"அப்பாவுக்கு அதைச் சொன்னனீங்களோ?"

"அவர் கேக்கேல்லை."

"நீங்களும் சொல்லேல்லை."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் தள்ளுவண்டியில் சாமான்களோடு தன் காரைத் தேடி அங்கும் இங்கும் போனார். அவர் காரைக் கண்டுபிடிக்கும் முன் பதில் வந்துவிட்டது.

"லக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போகுது அண்ணை. செவ்வாய் எட்டில இல்லை. ஒன்பதில."

"அப்ப தோஷம்?"

"தோஷம் இல்லை. எப்பவுமே இருக்கேல்லை. நல்ல விஷயம்தானே, ஏன் கதைக்காமல் இருக்கிறியள்?"

ஞாயிற்றுக்கிழமை நாள் வைக்க வருகிறார்கள் என்று சொன்னேன். மாப்பிள்ளைக்கு எட்டில் என்றும் சொன்னேன். விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு, "நான் உங்களோட கதைக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் அம்மா வடைக்கு அரைத்த கடலைப்பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருக்கால் போட்டுப் பார்க்க. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எட்டிலயோ ஒன்பதிலயோ, அது மேல எங்கயாவது நிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முடியுமட்டும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது."

"பிறகு தெரிய வந்தா?"

"ஆர் சொல்லப்போகினம்? அந்தக் கொரியாக்காரனோ? அவன் வந்து பந்தியில எழும்பி நிண்டு சொல்லப்போறானோ?"

"இஞ்சரும், மாப்பிள்ளையின்ர தாய் செவ்வாய் உள்ள பிள்ளை எண்டுதான் தேடினவ. பொய்யான குறிப்பைக் குடுத்து நாள் வைக்கிறது சரியோ?"

"நாங்கள் பொய் சொல்லேல்லை. பிழை விட்டனாங்கள். ரெண்டும் வேற."

"இண்டைக்கு வரைக்கும் பிழை. நாளையில இருந்து பொய்."

அம்மா கரண்டியை வைத்தார். அப்போதுதான் மற்றது அவருக்கு உறைத்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அப்ப அந்தப் பெடியன்," என்றார்.

"ஓம்."

கையைக் கழுவினார். கழுவின கையைத் திரும்பவும் கழுவினார். "அவளுக்கு இதைச் சொல்லாதேங்கோ," என்றார். "ஆருக்கு என்னத்தைச் சொன்னாலும் அவளுக்கு இதை மட்டும் சொல்லாதேங்கோ. அவள் எங்களை விட்டிடுவாள்."

எனக்கும் அதுதான் பயம். சம்பந்தம் குழம்பினால் இன்னொன்று தேடலாம். இந்தப் பிள்ளை எங்களை விட்டுவிட்டால் எங்கே தேடுவது? ஆனால் அவளுக்குச் சொல்லாமல் மாப்பிள்ளையின் தாய்க்கு மட்டும் சொல்ல முடியாது. ஒருவருக்கும் சொல்லாமல் அவளை மணவறையில் கொண்டுபோய் இருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன்.

ரயிலில் நகர மையத்துக்குப் போய், அவள் வேலை செய்யும் கட்டடத்துக்குக் கீழே நின்று, வந்திருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். பத்து வருடத்தில் நான் அங்கே போனதில்லை. லிஃப்டில் இருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டும் இல்லை. சாப்பிட்டியோ?"

"அப்பா, ஏன் வந்தனீங்கள்?"

தெருவோரத்து மர வாங்கில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கடையில் அவள் வாங்கி வந்த சுஷிப் பெட்டி அவள் மடியில் திறக்காமலே இருந்தது. நான் மணிக்கூட்டில் தொடங்கி, செவ்வாயில் முடித்தேன். பெடியனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தானாக அவளுக்கு விளங்கட்டும் என்றோ, விளங்காமலே போகட்டும் என்றோ, எதை நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

விளங்கியது. சுஷிப் பெட்டியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் உரித்தாள்.

"அப்ப, நீங்கள் அவருக்கு நோ சொன்னது…"

"பிழையான மணிக்கு."

"பிழையான மணிக்கு," என்று என்னைப் போலவே சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னதில் எனக்கு எல்லாம் பிடிபடவில்லை. பிடிபட்டது இது: சரியான மணியாக இருந்திருந்தால் அது சரியாகியிருக்குமா என்று கேட்டாள். உண்மையிலேயே எட்டில் செவ்வாய் இருந்திருந்தால், நான் செய்தது நியாயமா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். 

"நான் ஓகே சொன்னன்," என்றாள். "நீங்கள் ஒருக்காலும் திருப்பிக் கேக்கேல்லை, ஏன் ஓகே எண்டு."

"கேக்கேல்லை."

"இப்ப கேக்காதேங்கோ. இது லஞ்ச் டைம்."

எழுந்து நின்றாள். நான் போய்விட்டாள் என்றே நினைத்தேன். இரண்டு அடி வைத்துத் திரும்பி, "கட்டப்போறவருக்கு நான் சொல்லுறன். அவற்ர அம்மாக்கு நீங்கள் சொல்லுங்கோ. அம்மா இல்லை, நீங்கள்," என்றாள். சுஷிப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ரயிலில் நான் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். அக்கா அதற்கு முன்பே வந்து, அம்மாவோடு மட்டும் தேவைக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். அன்றும் காலை வேலை முடித்து, சேலை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். தேத்தண்ணியை அம்மா வைத்த உடனேயே நான் தொடங்கினேன். ஒரு வாய் குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

மாப்பிள்ளையின் தாய் கடைசிவரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மகனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

"வெள்ளிக்கிழமை சொன்னவ, அம்மா."

"அதுதான் ரெண்டு நாளா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிஞ்சனீ."

என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"அண்ணை, நான் ஏன் செவ்வாய் உள்ள பிள்ளையாத் தேடினனான் தெரியுமோ? எனக்கும் எட்டில செவ்வாய். ஊரில சண்டை, பிரச்சினை நேரம், பொருத்தம் பாக்காமல் கலியாணத்தை எழுதி வைச்சவை. மூண்டு வருஷம்தான் அவர் இருந்தவர். நோயில போனவர் எண்டு டொக்டர் சொன்னவர். நான் இண்டைக்கு வரைக்கும் என்னாலதான் எண்டு நினைக்கிறன்." மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாய் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ர மகனுக்கும் அதே இடத்தில நிக்குது. உங்கட பிள்ளைக்கு இல்லையெண்டா, பயப்பட வேண்டியது நான் இல்லை. ஆபத்து உங்கட பிள்ளைக்கு. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. தருவியளோ?"

அதுவரை நான் இதை யோசிக்கவில்லை. அவர் வேண்டாம் என்பாரா என்றே யோசித்திருந்தேன். அன்றைக்கு அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று நடந்துவிடும் என்று நல்ல மனிதன் மாதிரி முடியாது என்றவன் நான். இன்றைக்கு அதே பயம் என் பிள்ளையின் தலைக்கு மேல் வந்து நின்றது. நம்பவில்லை என்று சொன்னால், நாலு வருடத்துக்கு முன் என்னத்துக்கு அந்தப் பெடியனை அனுப்பினேன்? நம்புகிறேன் என்று சொன்னால் இவரையும் அனுப்ப வேண்டும்.

அம்மா என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் கழுத்தில் தெரிந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றேன். "பயமில்லை எண்டு சொன்னா அது பொய். ஆனா பயத்தில ஒருக்கா இவளுக்காக நான் பதில் சொல்லிப்போட்டன். இனி ஓமெண்டும் சொல்ல மாட்டன், இல்லையெண்டும் சொல்ல மாட்டன்."

"அப்ப ஆர் சொல்லுறது?"

"அன்ரி," என்றாள் அக்கா. "நாங்கள் சொல்லுறம். கொஞ்ச நேரம் தாங்கோ."

இருவரும் வெளியே போனார்கள். கழிமுகப் பக்கம் நடந்து போவதை ஜன்னலால் கண்டேன். முன்னும் பின்னுமாக நடந்தார்கள், சேர்ந்து நடக்கவில்லை. அம்மா அதைக் கண்டு என் கையை நுள்ளினார்.

முக்கால் மணித்தியாலம் நாங்கள் மூவரும் இருந்தோம். மாப்பிள்ளையின் தாய் ஒரு வடையை எடுத்துக் கடித்து, "உப்பு அளவா இருக்கு," என்றார். அம்மா, "இன்னொண்டு எடுங்கோ," என்றார். எடுத்தார்.  ஒரு தரம் அவர், "உங்கட பிள்ளை நல்ல பிள்ளை அண்ணை. நீங்கள் இல்லையெண்டாலும் நான் குறை நினைக்க மாட்டன்," என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் சப்பாத்தெல்லாம் சேறு. கதவடியில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்தார். அக்காவின் கண் சிவந்திருந்தது. அழுதது யாருக்காக என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை இருந்த காலத்தில் கேட்காதவன்.

"ஏப்ரலில செய்யிறம்," என்றாள். "முதல்ல பதிவு. பிறகு கோயில்."

"நல்ல நேரம் ஒண்டு பாத்து…" என்று அம்மா தொடங்கினார்.

"பாக்கிறேல்லை அம்மா. கலியாண ஹோல் கிடைக்கிற நேரம்."

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, "ஏப்ரலில மணி மாத்திறதுக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அக்கா கோப்பைகளைக் கழுவினாள், நான் துடைத்தேன்.

"அப்பா, நீங்கள் பயப்படலாம்," என்றாள். "அது உங்கட விருப்பம். ஆனா எங்களுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும், கார் இடிச்சாலும், அதைக் கொண்டுபோய் செவ்வாயோட முடிச்சுப் போடாதேங்கோ. அவற்ர அம்மா வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்தவ. அவர் அதைப் பாத்து வளந்தவர். எங்கட வீட்டில அது வரக் கூடாது."

"சரி."

"அந்த மற்ற விஷயம், நான் இன்னும் ஓகே இல்லை. எப்ப ஓகே எண்டு எனக்குத் தெரியாது."

"சரி பிள்ளை."

கலியாணத்தில் நீங்கள் இருவரும் ஆடினதும் எல்லோரும் சிரித்ததும் படங்களில் இருக்கிறது. கொரியாக்காரர் கோட் சூட்டோடு வந்து மூன்று தரம் சாம்பார் வாங்கியதும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆகிறது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஆனால் மழையில் மோட்டார்வேயில் அவள் கார் ஓடிப் போவாள் என்று தெரிந்தால் எனக்கு வேலையில் நிற்க முடிவதில்லை. போன் எடுத்து, சாப்பிட்டியோ, வீட்டில் கறிவேப்பிலை இருக்கிறதோ என்று கேட்பேன்.

நேற்றும் எடுத்தேன். மூன்று தரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"அப்பா, நான் மீட்டிங்கில நிக்கிறன். எனக்கு ஒண்டும் இல்லை."

நான் அதைக் கேட்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன்.